தண்ணீர் திறந்தால் சட்டம், தீ மூட்டினால் அரசியல்: தென் டிரோலின் வழக்கங்கள்

மலைச்சரிவில் ஓடும் ஒரு சின்ன வாய்க்கால். அதன் குறுக்கே ஒரு மரச்சக்கரம். தண்ணீர் தள்ளத் தள்ள அது சுற்றுகிறது, சுற்றும்போதெல்லாம் ஒரு மரச் சுத்தியலைத் தூக்கிவிடுகிறது, சுத்தியல் விழும் இடத்தில் ஒரு மணி. இரவு பகல் பாராமல் அது அடித்துக்கொண்டே இருக்கும். வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற ஆள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தன் குடிசையில் தூங்குவார். மணி நின்றால்தான் அவருக்குத் தூக்கம் கலையும். நின்றுவிட்டது என்றால் மேலே எங்கோ கரை உடைந்திருக்கிறது, இல்லை கல்லும் சருகும் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் எவனோ தன் முறை வருவதற்கு முன்பே மடையைத் திறந்துவிட்டான்.

இது இத்தாலியின் வட எல்லையில் இருக்கும் தென் டிரோல் மாகாணம். அதில் மேற்கே நீண்டு கிடக்கும் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. ஆல்ப்ஸ் என்றதும் நம் மனதில் பச்சையும் மழையும் பனியும்தான் வரும், ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு வறண்ட நிலம். சுற்றியிருக்கும் உயர்ந்த மலைகள் மழை மேகத்தை வெளிப்பக்கமே பிடித்து வைத்துக்கொள்வதால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். வெயில் படும் சரிவுகளில் புல்லே கருகிப்போகும். அதனால் பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகளை மிக உயரத்திலேயே மறித்து, மலையின் இடுப்பைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். பாறை செங்குத்தாக இருக்கும் இடத்தில் லார்ச் மரத்தைக் குடைந்து தொட்டிபோல் செய்து, அதைப் பாறையில் அறைந்து தொங்கவிட்டு, அதன் வழியாகத் தண்ணீரைக் கடத்தினார்கள். உள்ளூரில் இந்த வாய்க்காலுக்குப் பெயர் வால். நமக்கு அது வேறு பொருள் தரும் என்பதால் வாய்க்கால் என்றே வைத்துக்கொள்கிறேன்.

யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், எந்தக் கிழமை, பகலா இரவா என்பதெல்லாம் முறை போட்டு நடந்தது. நடு இரவில் முறை வந்தால் நடு இரவில்தான் விவசாயி மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். மெரானோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மார்லிங் வாய்க்காலின் நீளம் மட்டும் 12 கிலோமீட்டர். 18ஆம் நூற்றாண்டில் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் கார்த்தூசியத் துறவிகள் வெட்டியது. இன்று வாய்க்கால் ஓரத்து நடைபாதையில்தான் சுற்றுலாப் பயணிகள் நிம்மதியாக நடக்கிறார்கள். அந்தப் பாதை நடந்து ரசிப்பதற்காகப் போட்டதல்ல, அடைப்பு எடுக்கப் போகிறவனுக்காகப் போட்டது. வாய்க்கால் கிட்டத்தட்டச் சமமட்டத்தில் ஓடுவதால் பாதையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கிறது, நடப்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

இந்த மாகாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "பழமை மாறாத மக்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, இறகு வைத்த தொப்பி படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த மக்களும் சும்மா பழமையைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை. தென் டிரோலில் எந்த வழக்கம் பிழைத்தது, எது போனது என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் தெரிகிறது: பிழைத்ததற்கு ஒன்று வேலை இருந்தது, இல்லையென்றால் எதிரி இருந்தான். சிலதுக்கு இரண்டுமே இருந்தன.

சரி, எதிரி யார் என்பதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. சுமார் 7,400 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். ஜெர்மன் மொழியில் சூட்டிரோல், இத்தாலிய மொழியில் ஆல்ட்டோ ஆடிஜே, தலைநகர் ஒரு மொழியில் போட்ஸன், இன்னொன்றில் போல்ட்ஸானோ. 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் டிரோலில் ஒரு பகுதி. முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்றதும் சான் ஜெர்மேன் உடன்படிக்கை வழியாக இத்தாலிக்குப் போனது. ஆல்ப்ஸின் நீர்ப்பிரிமுகடுதான் எல்லை என்று காகிதத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டுக்குத் தெற்கே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில்கூட ஜெர்மன் 69.4 சதவீதம், இத்தாலியன் 26 சதவீதம், லடின் 4.5 சதவீதம். லடின் என்பது மூன்றாவது மொழி, அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தக் கோட்டை மதிக்காத ஒரு கூட்டம் உண்டு: ஆடுகள். ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய ஆஸ்திரியாவின் ஊட்ஸ் பள்ளத்தாக்கில், மேய்ச்சல் உரிமை இருக்கிறது. 1415ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அது பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு 3,000 மீட்டரை ஒட்டிய கணவாய்களைத் தாண்டுகிறார்கள், பனிப்பரப்பு வழியாக. முன்னால் போகிறவர்கள் பனியை மிதித்து வழி உண்டாக்குவார்கள், ஆடுகள் ஒற்றை வரிசையில் பின்னால் வரும், அண்மையில் பிறந்த குட்டியை மேய்ப்பர் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு நடப்பார், அது தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கத்தும். செப்டம்பர் நடுவில் திரும்பி வருவார்கள். ஏன் இவ்வளவு பாடு? ஷ்னால்ஸ் பக்கம் செங்குத்தாகவும் வறண்டும் இருக்கிறது, அந்தப் பக்கம் புல் செழித்துக் கிடக்கிறது. 1919இல் நாட்டு எல்லை நடுவில் வந்து விழுந்த பிறகும் ஆட்டின் உரிமை போகவில்லை. இப்படிப் பருவத்துக்குப் பருவம் மந்தையை இடம் மாற்றி மேய்க்கும் வழக்கத்தை 2019இல் ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ் மூன்றும் சேர்ந்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றின.

இதே மலைமுகட்டில்தான் 1991 செப்டம்பர் 19 அன்று மலையேறிய ஒரு தம்பதி பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பிணத்தைப் பார்த்தார்கள். யாரோ அண்மையில் விபத்தில் இறந்த மலையேறி என்று நினைத்து ஆஸ்திரியக் காவலர்கள் அதைக் கிளப்பி இன்ஸ்புருக்குக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தால் ஆள் இறந்து 5,000 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஊட்ஸி என்று உலகம் முழுக்கத் தெரிந்த பனிமனிதர் இவர்தான். கிடந்த இடம் சுமார் 3,210 மீட்டர் உயரம். உடனே அடுத்த கேள்வி: எந்த நாட்டுக்காரர்? நீர்ப்பிரிமுகடு என்று 1919இல் எழுதிவிட்டார்களே தவிர அந்த இடத்தில் முகட்டைப் பனியாறு மூடியிருந்ததால் கோடு முகட்டை விட்டு விலகி நேராகப் போடப்பட்டிருந்தது. அக்டோபர் 2 அன்று அளந்து பார்த்ததில் அவர் கிடந்தது இத்தாலிக்குள் 92.56 மீட்டர். நூறு மீட்டர்கூட இல்லை! 1998இல் போல்ட்ஸானோவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே தொல்லியல் அருங்காட்சியகத்தில் மைனஸ் 6 டிகிரி குளிரில், 99 சதவீத ஈரப்பதத்தில், ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் அவரைப் பார்க்க முடியும். அவர் காலத்துக்கும் இன்றைய ஆட்டு மந்தைக்கும் தொடர்ச்சி உண்டா என்பது ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் விஷயம், அதில் நான் தலையிடவில்லை. அந்தக் கணவாய்களில் மனிதக் காலடி மிகப் பழையது என்பது மட்டும் உறுதி.

வேலை இருந்ததால் பிழைத்த இன்னொன்று பண்ணை. இங்கே பண்ணை வீடு, தொழுவம், வயல், புல்வெளி, காடு எல்லாம் சேர்ந்து ஒரே அலகு. அதைத் துண்டு போட்டுப் பிள்ளைகளுக்குப் பிரிக்கக் கூடாது, ஒரே வாரிசுக்குத்தான் முழுசாகப் போகும். மற்றவர்களுக்குப் பணமாக ஏதோ கொடுப்பார்கள், அதுவும் சந்தை விலைக்கு அல்ல, பண்ணை தரக்கூடிய வருமானத்தை வைத்துக் கணக்கிட்டு. இத்தாலிய அரசு 1929இல் இந்தச் சட்டத்தை ஒழித்தது, மாகாணம் 1954இல் மறுபடி கொண்டுவந்தது. ஒரே குடும்பத்திடம் 200 ஆண்டு இருந்த பண்ணைக்குத் தனிப் பட்டமும் தருகிறார்கள். சரிவில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அழகான பண்ணை வீடுகளைப் படம் எடுக்கும்போது ஒன்றை நினைவில் வைக்கலாம்: அந்த அழகுக்காக எத்தனையோ தலைமுறைத் தம்பிகளும் தங்கைகளும் நிலமில்லாமல் வெளியே போயிருக்கிறார்கள், அல்லது அண்ணன் பண்ணையிலேயே கல்யாணம் இல்லாமல் வேலைக்காரர்களாகக் காலம் கழித்திருக்கிறார்கள். பாகப்பிரிவினையில் வரப்பு வரப்பாகத் துண்டாகிப்போன நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் கொஞ்சம் பொறாமையையும் கொஞ்சம் பயத்தையும் சேர்த்தே தரும்.

இனி எதிரி. முசோலினியின் பாசிச ஆட்சி 1922இல் வந்ததும் தென் டிரோலை இத்தாலிய மயமாக்குவது கொள்கையானது. அதற்கு ஏற்கெனவே ஒரு ஆள் வேலை செய்து வைத்திருந்தார், எத்தோரே தொலோமேய். ஆயிரக்கணக்கான ஊர், மலை, ஓடைப் பெயர்களுக்கு இத்தாலியப் பெயர் செய்து 1916இலேயே ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். சிலது பழைய ரோமானியப் பெயரைத் தோண்டி எடுத்தது, ஷ்டெர்ட்சிங் என்ற ஊர் விப்பித்தேனோ ஆனதுபோல. சிலது ஊரின் புனிதர் பெயரை எடுத்துச் சூட்டியது, இன்னிஷன் சான் காந்திதோ ஆனதுபோல. சிலது சும்மா ஓசையை இத்தாலியமாக வளைத்தது. 1923 முதல் அவைதான் சட்டப்படியான பெயர்கள். அதே ஆண்டுதான் பள்ளிகளில் ஜெர்மன் வழிக் கல்வியை வகுப்பு வகுப்பாக நிறுத்த ஆரம்பித்தார்கள். 1927இல் கல்லறைக் கல்லில்கூடப் புதிதாக ஜெர்மன் எழுதக் கூடாது என்றார்கள். செத்தவன்கூட இத்தாலியனாகத்தான் சாக வேண்டும்.

அதற்குப் பதில் ரகசியப் பள்ளிகள். ஆதிக் கிறித்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளை நினைவூட்டும் விதத்தில் கட்டகோம்பு பள்ளிகள் என்று பெயர். மிக்கேல் காம்பர் என்ற பாதிரியார் இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். பண்ணை வீட்டுச் சமையலறையில், வைக்கோல் பரணில், இளம்பெண்கள் பிள்ளைகளுக்கு ஜெர்மன் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், வெளியே ஒருவர் காவல். பிடிபட்டால் சிறை, நாடு கடத்தல்.

இந்தச் சூழலில் ஒரு பழைய உடையோ, பாட்டோ, தீயோ வெறும் வழக்கமாக இருக்கவே முடியாது. தீயை எடுத்துக்கொள்வோம். 1796இல் நெப்போலியனின் படைகள் நெருங்கியபோது டிரோலின் பிரதிநிதிகள் போல்ட்ஸானோவில் கூடி, நாட்டை இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள். அதன் நினைவாக ஒவ்வொரு ஜூனிலும் திரு இருதய ஞாயிறு அன்று இருட்டியதும் மலைமுகடுகளில் வரிசை வரிசையாகத் தீ மூட்டுகிறார்கள். கோடையின் நீண்ட பகலைக் கொண்டாட அதற்கு வெகு காலம் முன்பே மலைகளில் தீ எரிந்துகொண்டிருந்தது, சபதம் அந்தப் பழைய தீயைத் தனதாக்கிக்கொண்டது என்பதுதான் பொதுவான விளக்கம். மதியமே இளைஞர்கள் விறகையும் எண்ணெய் ஊற்றிய மரத்தூளையும் சுமந்துகொண்டு மேலே ஏறிவிடுவார்கள், சரிவில் இதயமாகவோ சிலுவையாகவோ புள்ளி வைத்து அடுக்குவார்கள், கீழே பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இருட்டில் மலை மறைந்து தீக்கோலம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். பாசிச ஆட்சி தடுத்தது. தடுத்ததாலேயே, மூட்டுவது ஒரு துணிச்சலானது.

கதை அதோடு நிற்கவில்லை. போருக்குப் பிறகு 1946 செப்டம்பர் 5 அன்று பாரிஸில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஒப்பந்தம் போட்டன, ஜெர்மன் பேசுபவர்களுக்குத் தன்னாட்சி என்று. ஆனால் கிடைத்த தன்னாட்சியை இத்தாலியர்கள் பெரும்பான்மையாக உள்ள திரென்தோ மாகாணத்தோடு சேர்த்துக் கட்டி நீர்க்கச் செய்துவிட்டார்கள் என்று கோபம். 1957 நவம்பரில் சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில் சுமார் 35,000 பேர் கூடினார்கள், "திரென்தோவை விட்டு விலகு" என்று முழக்கம், பேசியவர் ஜெர்மன் பேசுபவர்களின் கட்சித் தலைவர் சில்வியுஸ் மக்னாகோ. (இன்று அதே கோட்டையில் மலையேறி ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரின் மலை அருங்காட்சியகம் இருக்கிறது.) 1961 ஜூனில், சரியாக அந்தத் திரு இருதய ஞாயிறு இரவில், முகடுகளில் தீ எரிந்துகொண்டிருந்தபோதே, போல்ட்ஸானோவைச் சுற்றி 37 மின்கோபுரங்களைக் குண்டு வைத்துச் சாய்த்தார்கள். அது தீ இரவு என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. வெடிக்காத குண்டு ஒன்றை அகற்றப் போன சாலைத் தொழிலாளி ஒருவர் மறுநாள் இறந்தார். நாள் தேர்ந்தெடுத்ததில் ஒரு செய்தி இருந்தது, அது எல்லாருக்கும் புரிந்தது. 1972இல் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் வந்து, 1992இல் ஆஸ்திரியா இந்தப் பிரச்சினை தீர்ந்தது என்று ஐ.நா.வுக்குத் தெரிவித்த பிறகுதான் அந்தத் தீ மறுபடி வெறும் தீயாகத் தொடங்கியது. முழுசாக ஆகிவிட்டதா என்று கேட்டால், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உடையும் அப்படித்தான். துப்பாக்கி ஏந்திய ஊர்ப்படைகளின் அலங்கார உடையைத்தான் வெளியூர்க்காரர்கள் டிரோல் உடை என்று நினைக்கிறார்கள். அந்தப் படைகளின் வேர் 1511இல் பேரரசர் மாக்ஸிமிலியன் கொடுத்த சாசனத்தில் இருக்கிறது, டிரோல்காரர்கள் தங்கள் நாட்டைத் தாங்களே காப்பார்கள் என்பது அதன் சாரம். 1809இல் ஆந்திரியாஸ் ஹோஃபர் என்ற விடுதிக்காரர் இவர்களைத் திரட்டிக்கொண்டு நெப்போலியன் பக்கம் நின்ற பவேரியாவையும் பிரெஞ்சுப் படையையும் எதிர்த்தார், 1810 பிப்ரவரி 20 அன்று மான்டுவாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். நம் வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே ஊர் அதே மான்டுவா மாகாணத்தில்தான் இருக்கிறது, வரைபடத்தைப் பார்த்தபோது கண்ணில் பட்டது, சொல்லிவைத்தேன். எனக்கு இந்தப் படை உடைகளைவிடப் பிடித்தது நீல ஏப்ரன். மார்பு வரை ஏறும் நீலத் துணி, கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா. விவசாயி, தச்சர், திராட்சைத் தோட்டக்காரர் எல்லாரும் வேலை நாளில் கட்டிக்கொள்வது. அழுக்குப் படாமல் இருக்கத்தான் என்றாலும், அது இல்லாமல் ஒரு வயதான விவசாயியைத் தோட்டத்தில் பார்ப்பது கஷ்டம். விழாவுக்கு எடுத்து மாட்டுகிற உடை அல்ல, அதனால்தான் அதை யாரும் பாதுகாக்க வேண்டியிருக்கவில்லை.

இதிலெல்லாம் கசப்பான அத்தியாயம் 1939. ஹிட்லரும் முசோலினியும் நண்பர்களானதும் தென் டிரோல் இடைஞ்சலாகிவிட்டது. தீர்வு என்று ஒன்று கண்டுபிடித்தார்கள்: டிசம்பர் 31க்குள் ஒவ்வொரு குடும்பமும் தேர்ந்தெடுக்க வேண்டும், ஜெர்மனிக்குப் போவதா, அல்லது மொழியையும் பெயரையும் விட்டு இத்தாலியில் இருப்பதா. சுமார் 86 சதவீதம் பேர் போவதாகச் சொன்னார்கள். இருப்போம் என்றவர்களைச் சொந்த ஊர்க்காரர்களே துரோகி என்றார்கள், ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேசாமல் போனார்கள். போர் குறுக்கிட்டதால் உண்மையில் கிளம்பிப் போனவர்கள் சுமார் 75,000 பேர், அவர்களில் பலர் பிறகு திரும்பினார்கள்.

போகப்போகிற மக்களின் பண்பாட்டை மூட்டை கட்ட ஆட்கள் வேண்டும் அல்லவா? அதற்கு எஸ்எஸ் என்ற நாஜி அமைப்பின் ஆராய்ச்சிப் பிரிவு ஒரு பண்பாட்டுக் குழுவை அனுப்பியது. பண்ணை வீடுகளை அளந்தார்கள், வரைந்தார்கள், படம் எடுத்தார்கள். ஆல்ஃப்ரெட் குவெல்மால்ட்ஸ் என்ற இசை ஆய்வாளர் 1940 முதல் 1942 வரை ஊர் ஊராகப் போய், அப்போது புத்தம் புதிதாக இருந்த காந்த நாடாக் கருவியில் சுமார் 3,000 பாடல்களையும் இசைத் துண்டுகளையும் பதிவு செய்தார். இனவெறிக் கொள்கைக்காகச் செய்த வேலை, நோக்கம் அந்த மக்களை அந்த மண்ணிலிருந்து பிடுங்குவது. ஆனால் இன்று பழைய டிரோல் நாட்டுப்பாடல் கேட்க வேண்டுமென்றால் அந்த நாடாக்களை விட்டால் அந்த அளவுக்கு வேறு சேகரம் இல்லை. பாடியவர்களின் குரல் சுத்தமாகத்தான் இருக்கிறது, பதிவு செய்தவன் கைதான் சுத்தமில்லை. நாட்டார் வழக்காறு என்றால் ஏதோ அப்பாவியான விஷயம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த ஒரு உதாரணத்தைத்தான் சொல்வேன்.

சிலைகளுக்கும் இதே கதி. போல்ட்ஸானோவுக்குக் கிழக்கே ரோஸன்கார்ட்டன் என்ற டோலமைட் மலைத்தொடர், சூரியன் மறையும்போது இளஞ்சிவப்பாக மாறும். அதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. குள்ளர்களின் அரசன் லவுரின் அந்த மலையில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்தான், பட்டுநூல்தான் அதற்கு வேலி. ஒரு இளவரசியைத் தூக்கிக்கொண்டு போனான். டீட்ரிஷ் என்ற வீரன் படையோடு வந்தான். லவுரின் மாயப் போர்வையைப் போட்டுக்கொண்டு மறைந்து சண்டை போட்டான், ஆனால் அவன் ஓடிய வழியெல்லாம் ரோஜாக்கள் அசைந்து காட்டிக்கொடுத்துவிட்டன. பிடிபட்டவன் தோட்டத்தைச் சபித்தான்: இனி பகலிலும் யார் கண்ணுக்கும் தெரியாதே, இரவிலும் தெரியாதே என்று. அந்தி வேளையைச் சொல்ல மறந்துவிட்டான். நம் இரணியன் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஓட்டை உடனே பிடிபடும்.

கதை அழகு. 1907இல் டீட்ரிஷ் லவுரினை அமுக்கிப் பிடித்திருப்பதுபோல ஒரு நீரூற்றுச் சிலை போல்ட்ஸானோவில் வைத்தார்கள். பாசிசக்காரர்கள் கண்ணுக்கு அது ஜெர்மானிய வீரன் உள்ளூர் லத்தீன் அரசனை மிதிப்பதாகத் தெரிந்தது, 1933இல் உடைத்துத் தள்ளினார்கள். சிலை பிறகு ரொவெரேதோ ஊரின் போர் அருங்காட்சியகத்தில் கிடந்தது, 1990களில் திரும்பி வந்து இப்போது மாகாண அரசுக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறது. நகரத்தின் நடுச் சதுக்கத்தில் 1889 முதல் நின்ற இடைக்கால ஜெர்மன் கவிஞர் வால்ட்டரின் சிலையையும் 1935இல் ஒரு பூங்காவுக்கு ஒதுக்கினார்கள், 1981இல்தான் அது பழைய இடத்துக்கு வந்தது. ஒரு தேவதைக் கதையும் ஒரு காதல் கவிஞரும் இடம் மாறி மாறி அலைந்திருக்கிறார்கள்.

பாசிசம் தன் பங்குக்கு வைத்தவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. 1928இல் திறந்த வெற்றி நினைவுச்சின்னத்தில், இங்கிருந்துதான் மற்றவர்களுக்கு மொழியும் சட்டமும் கலையும் கற்பித்தோம் என்ற பொருளில் லத்தீன் வாசகம். அந்தச் சதுக்கத்துக்கு அமைதிச் சதுக்கம் என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள், 2002இல் வாக்கெடுப்பு வைத்ததும் மக்கள் பழைய பெயரையே கொண்டுவந்தார்கள். நகரத்தில் இத்தாலியர்கள்தான் பெரும்பான்மை, அவர்களில் பலருக்கு அது பாசிசச் சின்னம் என்பதைவிடத் தாங்கள் இங்கே இருப்பதற்கான அடையாளம். இடிப்பதா வேண்டாமா என்று பல ஆண்டு சண்டைக்குப் பிறகு 2014இல் சின்னத்துக்கு அடியிலேயே அதன் முழு வரலாற்றையும் காட்டும் கண்காட்சி திறந்தார்கள், ஒரு தூணைச் சுற்றி வெளிச்ச எழுத்து ஓடும் வளையம் மாட்டினார்கள். அதேபோல நிதித் துறைக் கட்டடத்தின் முகப்பில் முசோலினி குதிரை மேல் வரும் 36 மீட்டர் நீளப் புடைப்புச் சிற்பம், நம்பு, கீழ்ப்படி, போரிடு என்ற பாசிச முழக்கத்தோடு. வேடிக்கை என்னவென்றால் அதன் கடைசிப் பலகைகளை மாட்டி முடித்தது 1957இல், முசோலினி செத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து. 2017இல் அதன் குறுக்கே அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டின் வாசகத்தை மூன்று மொழியிலும் ஒளிர விட்டார்கள்: கீழ்ப்படியும் உரிமை யாருக்கும் இல்லை. இடிக்காமல், மறைக்காமல், எதிரில் நின்று பதில் பேசும் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன். எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவு பாரத்தைச் சுமக்காத வழக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. ட்ரமின் என்ற திராட்சை ஊரில் ஒற்றைப்படை ஆண்டுகளில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, எகெட்மான் ஊர்வலம். 1591லேயே குறிப்பு இருக்கிறது. எகெட்மான் என்ற மாப்பிள்ளைக்குக் கல்யாணம், மணப்பெண் உட்பட எல்லா வேடமும் ஆண்களே. மூன்று மீட்டர் உயரத்தில் ரோமம் போர்த்திய பூதங்கள் மரத் தாடையைப் படார் படார் என்று கடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாயும். ஊரின் நீரூற்றுத் தொட்டிகளில் ஊர்வலம் நின்று கல்யாண அறிவிப்பைப் படிக்கும், கசாப்புக்காரர் பூதத்தை வெட்டுவார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனால் திரும்பும்போது கரியும் சேறும்தான். யாருக்கும் எந்த அரசியலும் இல்லை, ஊரே ஒரு நாள் கிறுக்குப் பிடித்து ஆடுகிறது.

அப்புறம் சாப்பாடு. இலையுதிர் காலத்தில் புது ஒயினை ருசி பார்க்கப் பண்ணைக்குப் பண்ணை நடந்து போவதற்குப் பெயர் டொர்கெலன், திராட்சை பிழியும் செக்கின் பெயரிலிருந்து வந்தது. பாதி புளித்த திராட்சைச் சாறு, சுட்ட கஷ்கொட்டை, பார்லி சூப், புகைபோட்ட பன்றி இறைச்சி. ஒரு காலத்தில் திராட்சை அறுவடை முடிந்த களைப்பில் உறவுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தது, இப்போது பேருந்து பேருந்தாக ஆள் வருகிறார்கள், முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. அந்தப் புகை இறைச்சிக்கு, ஷ்பெக் என்பார்கள், ஐரோப்பியப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் பன்றி அந்த மாகாணத்தில் வளர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பெரும்பாலும் வெளியிலிருந்துதான் கால் வருகிறது. உப்பு, புகை, காற்று மட்டும் உள்ளூர். மோசடி என்று சொல்ல மாட்டேன், சட்டப்படி சரிதான். ஆனால் அட்டையில் மலை மாடு பால் பண்ணை எல்லாம் படம் போட்டிருப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். வின்ஷ்காவ் வாய்க்கால்களில் பலவும் குழாய்க்கும் தெளிப்பானுக்கும் வழிவிட்டுவிட்டன, பள்ளத்தாக்கின் அடிப்பரப்பு ஆப்பிள் தோட்டமாகிவிட்டது. மணி சில இடங்களில் இன்னும் அடிக்கிறது, எழுந்து ஓட ஆள் இல்லை.

கடைசியாக லடின். ரோமானியர் காலத்து லத்தீன் மலைமக்கள் வாயில் மாறி மாறி வந்த மொழி, ஜெர்மனும் அல்ல, இத்தாலியனும் அல்ல. தென் டிரோலில் கெர்தெய்னா, பாதியா என்ற இரண்டு பள்ளத்தாக்குகளில் பேசுகிறார்கள். கெர்தெய்னாவின் குளிர்கால வேலை மரச்செதுக்கு. பனி மூடிய மாதங்களில் பண்ணையில் வேலை இல்லை, காட்டில் பைன் மரம் இருக்கிறது, வீட்டில் கத்தி இருக்கிறது. மூட்டுக்கு ஆப்பு வைத்துக் கை கால் ஆட்டும் மரப் பொம்மைகளை ஐரோப்பா முழுக்க விற்றார்கள், பிறகு தேவாலயங்களுக்குப் புனிதர் சிலைகள். பள்ளிகளில் ஜெர்மனும் இத்தாலியனும் சரிபாதி, லடின் அதோடு சேர்த்து. மொத்தம் 20,000 சொச்சம் பேருக்கு அரசு வேலையில் ஒதுக்கீடும் பலகையில் பெயரும் அருங்காட்சியகமும் இருக்கின்றன.

ஆனால் லடின் பேசுபவர்கள் எல்லாரும் இந்த மாகாணத்தில் இல்லை. பாசிசக் காலத்தில் போட்ட மாகாணக் கோடுகள் ஐந்து பள்ளத்தாக்குகளை மூன்றாகப் பிரித்தன: சிலது போல்ட்ஸானோவில், ஃபாஸ்ஸா திரென்தோவில், மீதி வெனெட்டோ மண்டலத்தின் பெல்லூனோவில். வெனெட்டோ பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தென் டிரோலின் பள்ளிச் சட்டமும் இல்லை, அந்த மாகாணம் தன் வரி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வசதியும் இல்லை. 2007 அக்டோபரில் கோர்த்தினா தம்பெட்ஸோ, லிவினல்லோங்கோ, கோல்லே சாந்தா லூச்சியா என்ற மூன்று ஊர்களில் வாக்கெடுப்பு வைத்தார்கள், தென் டிரோலோடு சேரலாமா என்று. மொழிக்காகவா பணத்துக்காகவா என்று அப்போது வெளியில் கிண்டலும் நடந்தது, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பெரும்பான்மை தெளிவாகச் சேரலாம் என்றது. மூன்று ஊரும் இன்னும் வெனெட்டோவில்தான் இருக்கின்றன.